வெள்ளத்துக்கு விட்ட நிலம்

பல்லாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய தீங்கின்பொருட்டு, ஏனைய நாள்கள் எல்லாவற்றிலும் ஒரு பெருநிலத்தை வெறுமையாக விட்டுவைத்தல் தகுமா? தகுமெனின், இடைக்காலத்தில் அந்நிலத்தைப் பொதுமக்கள் துய்க்க விடுவது முறையா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை நிர்வாகஞ் சார்ந்த வினாக்களாகத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்குமிடத்து இவை அறஞ் சார்ந்த வினாக்களே என்பது புலனாகும். ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்ரன் நகரின் இரு அணைகளை முன்னிறுத்தி இவற்றை ஆராய்வது பொருத்தமாகும்.

1929 ஆம் ஆண்டிலும் 1935 ஆம் ஆண்டிலும் ஹூஸ்ரன் நகர் பெருவெள்ளத்தால் தாக்குண்டது. நகரினூடே ஓடும் பஃபலோ பாயூ என்னும் சிற்றாற்றின் வெள்ளத்தைத் தடுக்கும்பொருட்டு, அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் பிரிவு நகருக்கு மேற்கே இரண்டு மண்ணணைகளை அமைத்தது. பாக்கர் அணை 1945 இலும் அடிக்ஸ் அணை 1948 இலும் நிறைவெய்தின. நாம் அறிந்த குளத்தின் இயல்புக்கு இவற்றின் இயல்பு நேர்மாறானது. குளம் நீரைச் சேமித்து வைப்பது. இவையோ வெற்றிடத்தைச் சேமித்து வைப்பன. பெருமழையின்போது மதகுகள் மூடப்படும். மழை ஓய்ந்தபின் தேங்கிய நீர் சிறிது சிறிதாக வெளியேற்றப்படும். நிலம் மீண்டும் உலர்ந்துவிடும்.

இதற்கென அரசு கையகப்படுத்திய காணி ஏறத்தாழ 26,000 ஏக்கராகும். அதன் ஒரு பகுதியில் இன்று பொதுப் பூங்காக்கள் உள்ளன. பாக்கர் அணையின் உட்புறத்தே ஜோர்ஜ் புஷ் பூங்காவும், அடிக்ஸ் அணையின் உட்புறத்தே பெயர் கிறீக் பயனியர்ஸ் பூங்காவும் அமைந்துள்ளன. ஆங்கே சிறுவர் உதைபந்தாடுவர். முதியோர் மரநிழலில் உலாவுவர்.

இது கண்டிக்கத்தக்கதன்று. வேலியிட்டுப் பூட்டிய நிலம் எவருக்கும் பயன்படாது. பயன்படாத நிலத்தைப் பறித்துக்கொள்ளப் பலர் முன்வருவர். மக்கள் நடமாடும் நிலத்துக்கோ மக்களே காவலராவர். மேலும், பூங்கா வெள்ளத்துக்கு வழிவிடக்கூடியது. நீர் புகுந்து வடிந்தபின் சேற்றை அகற்றினால் மைதானம் மீண்டும் மைதானமாகும். எனவே, ஒரு முதன்மைக் கடமைக்கென ஒதுக்கப்பட்ட பொருளை வேறொன்றுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அவ்விரண்டாம் பயன், கடமை அழைக்கும் நாளில் தடையின்றி விலகிக்கொள்ளத்தக்கதாக இருத்தல் வேண்டும். இதனை நாம் ஒரு நெறியாகவே கொள்ளலாம்.

இந்நெறி மீறப்பட்டது பூங்காவினுள் அன்று. அதன் எல்லைக்கு அப்பாலேயே. அணைகள் எழுந்த காலத்தில் சுற்றிலும் நெல்வயல்களும் மேய்ச்சல் நிலங்களுமே இருந்தன. அணை தேக்கக்கூடிய நீரின் உச்சப் பரப்பு, அரசு வாங்கிய காணியின் எல்லையையும் கடந்து விரியவல்லது. அவ்வாறிருந்தும், அவ்விடைநிலம் தனியார் கையில் விடப்பட்டது. நகர் வளர்ந்தபோது அங்கே குடியிருப்புகள் எழுந்தன. பூங்காவுக்கு அண்மையில் வீடு என்பது வாங்குவோர்க்குச் சிறப்பாகவே பட்டது. சில குடியிருப்புகளின் நில வரைபடங்களில் வெள்ள அபாயம் பற்றிய குறிப்பு இருந்தது உண்மையே. எனினும், வரைபடத்தில் எழுதிவைத்தல் வேறு, வாங்குபவனுக்கு உணர்த்துதல் வேறு. பசும்புல் நாள்தோறும் சொன்ன செய்தியின் முன், பதிவேட்டின் ஒரு வரி எம்மாத்திரம்?

2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஹார்வி சூறாவளி பெருமழையைக் கொட்டியது. தேங்கிய நீர் அரசின் காணியைக் கடந்து மேற்புறத்து வீடுகளுட் புகுந்தது. அணைகளின் பாதுகாப்புக் கருதி, ஓகஸ்ட் 28 ஆம் திகதி மதகுகள் திறக்கப்பட்டன. கீழ்ப்புறத்து வீடுகளும் மூழ்கின. ஈரிடத்தும் பாதிக்கப்பட்ட வீடுகள் ஆயிரக்கணக்கானவை.

மதகைத் திறந்தோர் செய்தது தவறா? திறவாதிருப்பின் மேற்புறத்தார் மேலும் மூழ்குவர். அணைக்கே கேடு விளையின் நகரே அழியக்கூடும். பெருந்தீங்கைத் தவிர்க்கச் சிறுதீங்கைத் தெரிதல் ஏற்புடையதே என்பர் ஒருசாரார். இவ்வாதம் அந்த ஓர் இரவுக்குப் பொருந்தும். ஆனால், அவ்விரவில் இரண்டு தீங்குகளன்றி வேறு வழியில்லாத நிலையை உண்டாக்கியது எது? எழுபதாண்டு கால மௌனமே. காணியை முழுமையாக வாங்காது விட்டமை, வீடுகள் எழக் கண்டும் வாளாவிருந்தமை, அபாயத்தை உரத்துக் கூறாமை ஆகிய சிறுசிறு தீர்மானங்களின் திரட்சியே அது. நெருக்கடி நேரத்துத் தெரிவை மட்டும் எடைபோடும் அறவியல், நெருக்கடியை விளைத்தோரை எளிதில் தப்பவிட்டுவிடும்.

நீதிமன்றங்களும் இதிற் தடுமாறவே செய்தன. மேற்புறத்தார் தொடுத்த வழக்கில் அரசு பொறுப்புடையதென 2019 இல் தீர்ப்பாயிற்று. கீழ்ப்புறத்தாரின் கோரிக்கையை 2020 இல் வேறொரு நீதிபதி நிராகரித்தார். 2022 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நிராகரிப்பை மாற்றி, வழக்கை மீளவும் விசாரணைக்கு அனுப்பியது. பலரின் நன்மைக்காகச் சிலரின் இல்லம் நீர்த்தேக்கமாக்கப்படின், அச்சுமையை அச்சிலரே தனித்துச் சுமத்தல் நீதியாகுமா என்பதே இவ்வழக்குகளின் உட்கிடை. நகரம் முழுவதும் பாதுகாப்பைப் பெற்றதெனின், இழப்பையும் நகரம் முழுவதும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்பதே எமது துணிபு.

ஆகவே, பூங்காவை மூடுவது இதற்குப் பரிகாரமன்று. பூங்கா எதற்காக இருக்கின்றது என்பதை மறவாதிருப்பதே பரிகாரம். அங்கு விளையாடும் சிறுவனுக்கு, "இந்த மைதானம் வெள்ளத்துக்குரியது, வெள்ளம் வராத நாள்களில் உனக்கு இரவலாகத் தரப்பட்டுள்ளது" என்று எவரேனும் சொல்லித்தரல் வேண்டும். அதே உண்மையை, அருகே காணி வாங்க வருபவனிடம் உறுதி எழுதப்படுவதற்கு முன்னரே சொல்லுதல் வேண்டும். இரவற் பொருளை மகிழ்ந்து பயன்படுத்துவதிற் குற்றமில்லை. அது இரவல் என்பதை மறப்பதிலும், பிறர் மறக்க விடுவதிலுமே குற்றம் தொடங்குகின்றது.