பழகியதெல்லாம் சரியானதா?

விண்டோஸ் 95 வந்த காலத்திலிருந்து விண்டோஸ் கணினியிலேயே வேலை செய்து வந்தவன் நான். எழுத்து, கணக்கு, கடிதம், புகைப்படம் எல்லாம் அதில்தான். அண்மையில் மேக்புக் ஏர் ஒன்றுக்கு மாறினேன். விசிறி இல்லாததால் சத்தமே வராது. மின்கலம் நெடுநேரம் தாங்கும். இவை உடனே பிடித்துப்போயின. ஆனால் என்னை யோசிக்க வைத்தவை பிடிக்காமல் போனவைதான்.

சாளரத்தை மூடும் பொத்தான் விண்டோஸில் வலது மூலையில் இருக்கும். மேக்கில் இடது மூலையில். அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் சாளரம்தான் மூடும். பெரும்பாலும் செயலி ஓடிக்கொண்டே இருக்கும். கோப்பைத் தேர்ந்துகொண்டு என்டர் தட்டினால் விண்டோஸில் அது திறக்கும். மேக்கிலோ பெயரை மாற்றச் சொல்லிக் காத்திருக்கும். கண்ட்ரோல் விசைக்குப் போகும் சுண்டுவிரலை அடக்கி, ஸ்பேஸ் பாரை ஒட்டியுள்ள கமாண்ட் விசைக்குக் கட்டைவிரலைப் பழக்க வேண்டும். வேறொருவர் வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடியைத் தேடும் நிலை. ஒவ்வொரு தடுமாற்றத்தின்போதும் மனம் ஒரே தீர்ப்பைச் சொன்னது: இதைத் தப்பாகச் செய்திருக்கிறார்கள்.

மெனு பட்டையை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் செயலிகளில் அந்தந்தச் சாளரத்தின் தலையிலேயே மெனு இருப்பது வழக்கம். மேக்கில் எல்லாச் செயலிகளுக்கும் திரையின் உச்சியில் ஒரே பட்டைதான். 1984-இல் வந்த முதல் மேகின்டாஷிலேயே அப்படித்தான். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் கணினிக்கு வெளியிலிருந்து வருகிறது. ஓர் இலக்கைத் தொட எடுக்கும் நேரம் அதன் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் காட்டினார். திரை விளிம்பை நோக்கி மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சுட்டி அதைத் தாண்டிப் போகாது. குறிபார்த்து நிறுத்தும் வேலை மிச்சம். தூரம் கூடினாலும் கை தவறுவதில்லை. தெரிந்துகொண்ட பிறகு செய்துபார்த்தேன், உண்மைதான்.

காரணம் கேட்பதனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சாளரத்தைத் திரை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் பொருந்திக்கொள்ளும் வசதி 2009-இல் விண்டோஸ் 7-லேயே வந்துவிட்டது. மேக்கில் அது 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில்தான் கிடைத்தது. கோப்பை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுவதற்கு, நகலெடுத்துவிட்டு ஆப்ஷன், கமாண்ட் இரண்டோடு வி-யைத் தட்ட வேண்டியிருப்பது எனக்கு இன்றும் சுற்றுவழியாகவே படுகிறது. இந்த இரண்டிலும் விண்டோஸ்தான் மேல். இது விரல் சொல்லும் தீர்ப்பல்ல. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துச் சொல்வது.

எந்தச் சிரமமும் இல்லாமல் என்னோடு வந்தது தமிழ்த் தட்டச்சு. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை இரண்டு கணினிகளிலும் இருக்கிறது. யூனிகோடில் எழுதி வைத்த கோப்புகள் ஓர் எழுத்தும் சிதையாமல் திறந்தன. அதற்கு முந்தைய காலத்து எழுத்துருக்களில் தட்டியவை, அந்த எழுத்துரு இல்லாததால், வெறும் குறிகளாக நின்றன. நமக்குத் தெரிந்தவற்றிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஓர் இடத்தின் ஏற்பாட்டோடு ஒட்டிக்கொண்டவை அந்த இடத்தோடு நின்றுவிடும். பொதுவான அடிப்படையின் மேல் கற்றவை போகுமிடமெல்லாம் கூட வரும். எந்தப் பொத்தான் எங்கே என்பது முதல் வகை. ஒரு வேலையை ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது இரண்டாம் வகை. வயது ஏற ஏற முதல் வகையையே அனுபவம் என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்து நமக்கெல்லாம் இருக்கிறது.

கணினிக்கு மட்டும் உரிய விஷயமல்ல இது. அலுவலகத்தில் புது நடைமுறை வரும். வங்கி வேலை கைபேசிக்கு மாறும். பிள்ளைகள் தங்கள் குடும்பத்தை வேறு விதமாக நடத்துவார்கள். 'எங்கள் காலத்தில் இப்படியில்லை' என்பது ஒரு தகவல்தான். அதுவே மறுப்புக்குப் போதுமான காரணம் ஆகாது. புதிதாக ஒன்று எரிச்சல் தரும்போது, 'ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்?' என்று முதலில் கேளுங்கள். சரியான காரணம் இருந்தால் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தயங்காமல் குறை சொல்லுங்கள். அப்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.