இறப்போரிடம் நாம் பட்ட கடன்

மனிதனை மனிதன் கருவியாகக் கொள்ளுதல் தகுமா என்பது ஒழுக்கவியலின் பழைய வினா. தகாது என்பதே நேர்மையாளர் எவரும் தயங்காது கூறும் விடை. அடிமை முறையையும் உழைப்புச் சுரண்டலையும் எதிர்ப்போர் யாவரும் அவ்விடையின் மீதே காலூன்றி நிற்கின்றனர். ஆயினும், அவ்விடை அத்துணை எளிதன்று என்பதை உணர்த்தும் இடமொன்று உண்டு. அது புற்றுநோய் முற்றிய நோயாளியின் படுக்கை. அறிந்த மருந்துகள் யாவும் பயனற்றுப்போன ஒருவரிடம், மனித உடலில் இதுகாறும் ஒருங்கே செலுத்தப்படாத இரண்டு மூன்று மருந்துகளைச் செலுத்திப் பார்க்க வைத்தியர் அனுமதி கேட்கிறார். அவ்வனுமதியின் பொருள் யாது? அதனைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

முதற்கட்டப் பரிசோதனையின் இயல்பை முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். அந்நோயாளியைக் குணப்படுத்துவது அதன் முதல் நோக்கமன்று. மருந்துக் கூட்டை எவ்வளவு வரை உடல் தாங்கும் என்று அறிவதே நோக்கம். நெடுங்காலமாக வழங்கிவரும் முறையின்படி மூவருக்குச் சிறிய அளவு கொடுக்கப்படும். மூவரும் பெருந்தீங்கின்றித் தாங்கினால், அடுத்து வரும் மூவருக்கு அளவு உயர்த்தப்படும். ஒருவருக்குத் தீங்கு நேரின் அதே அளவு மேலும் மூவருக்குக் கொடுக்கப்படும். இருவருக்கு நேரின் ஏற்றம் நிறுத்தப்படும். ஆகவே, முதலில் வருபவர் பயன் தராத அளவையும் இறுதியில் வருபவர் தாங்கவொண்ணாத அளவையும் பெறக்கூடும். எல்லை எதுவென்பது, எவரேனும் அதனைக் கடந்து துன்புற்ற பின்னரே புலப்படுகிறது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆதரவில் 1991 முதல் 2002 வரை நடைபெற்ற 460 முதற்கட்டப் பரிசோதனைகளின் கணக்கு 2005ஆம் ஆண்டு வெளியாயிற்று. பங்குபற்றியோர் ஏறத்தாழப் பன்னீராயிரவர். நோய் கணிசமாகக் குறைந்தோர் நூற்றுக்கு 10.6 பேர், மருந்தின் நச்சுத்தன்மையால் மாண்டோர் இருநூற்றுக்கு ஒருவர். புதிய நச்சு மருந்தொன்றைத் தனியே கொடுத்த பரிசோதனைகளில் பயன்பெற்றோர் நூற்றுக்கு 4.4 பேர் மட்டுமே. முன்னரே அங்கீகாரம் பெற்ற மருந்தொன்று இடம்பெற்ற பரிசோதனைகளில் அது 17.8 ஆயிற்று. மருந்துகளை இணைப்பதில் நம்பிக்கைக்கு இடமுண்டு என்பது மெய். அங்கும் நூற்றில் எண்பதின்மருக்கு மேற்பட்டோரின் நோய் அவ்வாறு குறையவில்லை என்பதும் மெய்.

அங்ஙனமாயின் இதனைக் கொடுமையென ஒதுக்கிவிடலாமா? வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1948இல் பொஸ்டன் நகர வைத்தியர் சிட்னி பார்பர், குருதிப் புற்றுநோயுற்ற பதினாறு குழந்தைகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்தார். பதின்மரிடம் நோய் பின்வாங்கிற்று, ஆனால் நிலைக்கவில்லை. மருந்தொன்றைத் தனியே கொடுத்தால் நோய் அதற்குப் பழகிவிடுகிறது. காசநோய்க்கு மருந்துகளை இணைத்துக் கொடுத்து வெற்றிகண்ட அனுபவம் முன்னிருந்தது. பெதெஸ்டாவில் எமில் பிரை, எமில் பிரைரைக் என்னும் வைத்தியர் இருவர் அவ்வழியைப் பின்பற்றி, 1962ஆம் ஆண்டளவில் நான்கு மருந்துகளை ஒருங்கே குழந்தைகளுக்குக் கொடுத்தனர். நஞ்சின் மேல் நஞ்சு சேர்ப்பதா என்று சக வைத்தியர் பலர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு இரக்கத்திலிருந்தே பிறந்தது. குழந்தைகள் முதலில் மேலும் நலிந்தனர். பின்னர்ப் பெரும்பாலோரின் குருதியிலிருந்து நோய் மறைந்தது. சில மாதங்களில் அது பலருடைய மூளையில் தலைகாட்டிற்று. பிழைத்தோர் மிகச் சிலர். ஆனால், மருந்து எட்டாத இடத்தில் நோய் ஒளிந்திருக்கிறது என்ற அறிவை அக்குழந்தைகளின் சாவே தந்தது. அவ்வறிவைக் கொண்டு மெம்பிஸ் நகரில் டொனால்ட் பிங்கலும் தோழரும் மூளைக்கும் சிகிச்சை அளித்தனர். அப்பத்தாண்டு முடிவதற்குள் அங்கு பாதிக் குழந்தைகள் பிழைக்கும் நிலை தோன்றிற்று. இன்று செல்வ நாடுகளில் அந்நோயுற்ற குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் பிழைக்கின்றனர்.

அதே காலத்தில், அதே நாட்டில், அதே விஞ்ஞானத்தின் பெயரால் வேறொன்றும் நிகழ்ந்தது. 1963இல் புறூக்லின் நகர வைத்தியசாலையொன்றில் நோயுற்ற முதியோர் இருபத்திருவரின் உடலில் உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் ஊசிமூலம் ஏற்றப்பட்டன. அவை புற்றுநோய்க் கலங்கள் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் அஞ்சுவர் என்பதே ஆராய்ச்சியாளர் கூறிய நியாயம். இங்குதான் எல்லைக்கோடு தெளிவாகிறது. ஆபத்தின் அளவில் மட்டும் அன்று, உண்மை கூறப்பட்டதா என்பதிலேயே மனிதன் கருவியாவதும் ஆகாமையும் தங்கியுள்ளன.

ஆனால், உண்மை கூறிக் கையொப்பம் பெற்றால் போதுமா? பசித்தவன் குறைந்த கூலிக்கு உடன்படுவதைச் சுதந்திரமான ஒப்பந்தம் என்று நாம் ஏற்பதில்லை. சாவின் வாயிலில் நிற்பவன் இடும் கையொப்பம் மட்டும் சுதந்திரமானதாகுமா? பசி ஒருவனை வளைப்பது போலவே உயிராசையும் வளைக்கிறது. எவ்வளவு தெளிவாக எடுத்துரைத்தாலும், 'இது எனக்கான மருந்து' என்றே நோயாளி எண்ணிக்கொள்கிறான். மறுபுறம், சாகின்றவனுக்குத் தீர்மானிக்கும் ஆற்றலில்லை என்று நாம் முடிவுகட்டுவோமாயின், உயிர் பிரியுமுன்னரே அவனுடைய மனிதத்துவத்தைப் பறித்தவராவோம். தனக்குப் பயனில்லை என்று அறிந்தும், பின்வருவோருக்கு உதவட்டும் என்று உடலைத் தருபவர் உளர். அவர்கள் கருவிகள் அல்லர், ஆராய்ச்சியின் தோழர்கள். தமிழில் 'சோதனை' என்ற சொல் பரீட்சையையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். வைத்தியர் முதற்பொருளைச் சொல்லி இரண்டாவதை மறைத்தலாகாது.

வள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவனை முதலில் வைத்தார்; மருந்தை மூன்றாவதாக வைத்தார். பரிசோதனைக் கூடத்தில் இவ்வரிசை மாறிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இன்று இந்நான்குடன் ஐந்தாவதொன்றையும் சேர்த்தெண்ண வேண்டியவராயுள்ளோம். அது சமுதாயம்.

ஏனெனில், இறந்தோரின் உடல்வழியே பெற்ற அறிவு எவருடைய உடைமை என்ற வினா எஞ்சி நிற்கிறது. அந்நான்கு மருந்துகளுள் ஒன்றான வின்கிறிஸ்டீன், மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டதும் எமது முற்றங்களில் மலர்வதுமான பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. 2019இல் அமெரிக்காவுக்கு அதனை வழங்கிவந்த இரு நிறுவனங்களில் ஒன்று வணிகக் காரணத்தால் உற்பத்தியை நிறுத்தவே, அந்நாட்டுக் குழந்தைகளுக்கே மருந்து தட்டுப்பட்டது. 2022இல் எமது நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புற்றுநோயுற்ற குழந்தைகளில் செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மருக்கும் குறைந்தோரே குணமடைகின்றனர். மருந்து கண்டுபிடிக்கப்படாமையால் அன்று குழந்தைகள் மாண்டனர். கண்டுபிடித்த மருந்து கைக்கெட்டாமையால் இன்று மாள்கின்றனர். முன்னது அறியாமை, பின்னது அநீதி.

ஆதலின் நாம் துணியும் முடிவு இதுவே: இறக்கும் மனிதனிடம் அவனுடலைக் கேட்கும் உரிமை விஞ்ஞானத்துக்கு உண்டு, ஆனால் அது இரண்டு கடமைகளுக்குட்பட்ட உரிமை. கேட்குமுன் முழு உண்மையையும் கூறுதல் வைத்தியரின் கடமை. பெற்ற பயனை விலைபேசாது அனைவருக்கும் எட்டச்செய்தல் சமுதாயத்தின் கடமை. முதலாவதை நிறைவேற்றி இரண்டாவதைக் கைவிட்டால், அன்று மனமுவந்து தந்தவரையும் காலங்கடந்து நாம் கருவியாக்கியவராவோம். எல்லோருக்குமென்று அவர்கள் தந்த கொடை சிலருடைய இலாபமாக முடிந்திருக்கும். பெதெஸ்டாவில் மடிந்த குழந்தைகளுக்கு நாம் திருப்பித்தரக்கூடியது ஒன்றுமில்லை. அவர்களிடம் பட்ட கடனை இன்று படுக்கையிற் கிடக்கும் குழந்தைகளிடமே தீர்க்கவேண்டும்.