அம்மனுக்கும் கால் வலிக்கும்

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு எங்கள் திருவேங்கடம் பக்கத்துப் பெண்கள் போனால் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். ஆடிச்சுற்று என்று பேர். 101, 108, 501 என்று அவரவர் நேர்ந்துகொண்ட கணக்கு. கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். நாம் நடக்க நடக்க அவள் கால் வலியில் கொஞ்சம் நம் காலுக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஊர் வலியையெல்லாம் வாங்கிக்கொள்கிறவளுக்கே வலி தாங்க ஆள் வேண்டுமா?

வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற தம்பி என்னோடு இருக்கிறான். பகலில் சத்துணவு மைய வேலை. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீசு விட்டு வருகிற பெண்கள் வீட்டுக்காரன் குடி, வட்டிக்காரன் ஏச்சு எல்லாவற்றையும் என் திண்ணையில் இறக்குவார்கள். "எக்காட்ட சொன்னா மனசு லேசாயிருது" என்பார்கள். இறக்கியது யார் தலையில் என்று கேட்பாரில்லை.

தலபுராணத்தைப் பாருங்கள். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்ற சண்டையை அம்மனிடம் கொண்டுவந்தார்கள். அவர்கள் வழக்குக்கு இவள் புன்னை வனத்தில் தவம் நிற்கிறாள். தேவமாதர்கள் பசுக்களாகித் துணைக்கு வந்தார்கள். சங்கரநாராயணர் காட்சி கொடுத்ததும் தவம் முடிந்தது. இன்றைக்கும் கொடியேறி 12 நாளில் திருவிழா முடிந்து போகிறது. துணைக்கு ஆளும் உண்டு, முடிய ஒரு நாளும் உண்டு.

வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவளுக்கு இரண்டுமே இல்லை. "போன ஜென்மத்துக் கடன், கழிச்சுத்தான் ஆவணும்" என்கிறார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. கடன் என்று வைத்துக்கொண்டால் ஒரு மத்தியானம் படுத்துத் தூங்குவதுகூடத் தவணை தப்பின குற்றமாகிவிடும். தம்பி முகம் வட்டிக்காரன் முகமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு நான் ஊட்டுகிற சோற்றில் என்ன இருக்கும்?

அம்மன் சன்னதி முன்னால் தரையில் ஸ்ரீசக்கரக் குழி இருக்கிறது. மனம் கலங்கினவர்களை அதில் உட்கார வைப்பார்கள், புற்றுமண் பூசிவிடுவார்கள். உட்கார்ந்தவர் வாய்விட்டு அழலாம். கூட்டி வந்தவள் மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூட்டமில்லாத ஒரு நாள் தம்பி எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். "ஒனக்கு என்னக்கா?" என்றான். "எனக்கும் இருக்குடே" என்றேன்.

ஏர்வாடி தர்கா பக்கம் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். தர்காவை நம்பிப் போனவர்கள் அவர்கள். இனி முடியாது என்று உட்கார்ந்துபோனவர்களும் இருந்திருப்பார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலிக்குத் தடை போட்டது. முடியாமல் போகிறவளுக்கு முன்கூட்டியே யார் கை கொடுப்பது? 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, பார்த்துக்கொள்கிறவளும் பேசலாம்.

ஆடிச்சுற்றில் வலி நிஜமாகவே கால் மாறுமா என்றால், மாறாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தெய்வமாச்சே, தாங்குவாள் என்று அந்தப் பெண்கள் விட்டுவிடவில்லை. அவளுக்கும் வலிக்கும் என்று ஒப்புக்கொண்டு நடக்கிறார்கள். என்னிடம் மட்டும் "ஒன்னய மாதிரி பொறுமை யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பாராட்டு வந்தாலே எனக்குப் பயம்.

போன மாதம் சித்தியிடம், "ஞாயித்துக்கிழம மட்டும் தம்பிய பாத்துக்கிடுதியளா?" என்று கேட்டேன். "இதக் கேக்க இத்தன வருசமாட்டீ?" என்று வைதாள். காலை மாத்திரை எது, ராத்திரி எது என்று காலண்டர் அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் வைக்கிற வத்தக்குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறதாம், தம்பி சொல்கிறான்.