வெறுங்கால் நடையும் சிவபுண்ணியமும்

திருவண்ணாமலையை வலம் வருவோரிற் பலர் இக்காலத்து, வெறுங்காலால் நடத்தல் உடல்நலத்திற்கு நன்று என்னுங் கருத்தினராய்க் குடும்பத்தோடு வருகின்றனர். மலைவலமும் ஆயிற்று, மருந்தும் ஆயிற்று என்பது அவர் கூற்று. இங்ஙனம் உடம்பின் பயனை நாடி நடந்தார்க்குச் சிவபுண்ணியம் எய்துமோ எய்தாதோ என மாணாக்கரொருவர் நம்மை வினவினார். எய்தாதென ஒரு சொல்லில் மறுத்துவிடுதல் எளிது. நம் சித்தாந்த முடிபு அவ்வாறு மறுக்க இடந்தருமோ என்பதே ஆராயற்பாலது.

முதற்கண் அந்நலத்தின் உண்மையை நோக்குவாம். செருமனியிற் பவேரியப் பகுதியிற் கிறித்துவ குருவாயிருந்த செபாஸ்டியன் கினைப் (1821–1897) என்பார், பனி படிந்த புல்லில் வெறுங்காலால் நடத்தலை நோயாளர்க்கு விதித்தார். 1886இல் வெளிவந்த அவர்தம் நீர்மருத்துவ நூல் அவர் புகழைப் பரப்பிற்று. கென்ய நாட்டில் செருப்பின்றி நடந்து பழகினோர்க்கு அடித்தோல் தடித்திருப்பினும் நிலத்தை உணரும் ஆற்றல் குன்றவில்லை என 2019இல் வெளிவந்த ஓராராய்ச்சி காட்டிற்று. நிலத்தின் மின்னாற்றல் அடிவழியே ஏறி நோயெல்லாந் தீர்க்கும் என்பார் கூற்றோ நிறுவப்பட்டதன்று. மற்றொரு புறம், கொக்கிப்புழுவின் இளம்புழு மலங் கலந்த ஈரமண்ணிலிருந்து அடித்தோலைத் துளைத்து உட்புகுந்து குருதியைக் குறைக்கும். நீரிழிவால் உணர்ச்சி மரத்த காலினர் முள் தைத்தலையும் அறியார். அப்புண் ஆறாது காலையே இழத்தலும் உண்டு. ஆகவே வெறுங்கால் நடை எல்லார்க்கும் மருந்தாகாது.

இனி, உடல்நலம் நாடுதல் இழிவோ எனின், அன்று. தனு கரண புவன போகங்கள் மாயையினின்றும் இறைவனாற் கூட்டப்பட்டு, ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு விடியுமளவும் விளக்குப்போல் உதவுவன. விளக்கிற்குத் திரி தூண்டுவானைப் பழிப்பாரில்லை.

அற்றேல், அந்நாட்டத்தால் நடந்தார்க்கு வலம்வந்த பயன் உண்டோ எனின், திருமறைக்காட்டு எலியை நினைக. அது நெய்யை வேண்டித் திரியைத் தீண்டிற்று. அவியும் நிலையிலிருந்த திருவிளக்குச் சுடர்விட்டது. அவ்வெலி மாவலியாய்ப் பிறந்து மூவுலகும் ஆண்டது. நெய்யை விரும்பிய எலிக்கு ஈந்த பெருமான் நலம் விரும்பிய மானுடர்க்கு ஈயானோ? வினை சடம், அது தானே வந்து பயனூட்ட அறியாது. அறிந்தூட்டுவோன் முதல்வனே. அபுத்திபூர்வ சிவபுண்ணியம் என நம்மவர் வழங்குவது இதனையே. ஆயினும் எலி அறியாதது. இம்மலையே சிவவடிவென அறிந்திருந்தும், வழியிலுள்ள எட்டு இலிங்கச் சந்நிதிகளையுங் கைகூப்பாது கடந்து, அடிக்கணக்குக் காட்டுங் கைக்கருவியையே நோக்கி நடப்பார் அவ்வெலியைத் தமக்குச் சான்றாகக் காட்டல் இயலாது.

இவரினும் நம்மை வருத்துவோர் வேறு சிலர். சென்ற பங்குனியில் நாம் குடும்பத்தோடு அந்த 14 கிலோமீட்டர் வழியை வலம் வந்தோம். நம் தமக்கையார் எழுபது கடந்தவர். நீரிழிவால் அடி மரத்தவர். மருத்துவர் விதித்தபடி துணிக்காலணி அணிந்து, சந்நிதிதோறும் அதனைக் கழற்றிவைத்துத் தொழுது வந்தார். நிருதிலிங்கத்தருகே ஒருவர், “செருப்புக் காலோடு வருவதிலும் வீட்டிலிருப்பது நன்று” என்று பலருங் கேட்க உரைத்தார். தமக்கையார் முகம் வாடிக் காலணியைக் கழற்றக் குனிந்தார். “அக்கா, போட்டுக்கொண்டே வாருங்கள், கண்ணப்பர் செருப்போடுதான் நின்றார்” என்றோம்.

இஃது ஆறுதற்குச் சொன்ன சொல்லன்று. கண்ணப்ப நாயனார் திருமுடிமேற் கிடந்த மலரைச் செருப்படியாலே நீக்கினார். கண்ணிடந்து அப்புங்கால் அடையாளத்திற்காகத் திருக்கண்ணிலே காலை ஊன்றினார். காரைக்காலம்மையாரோ கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். மிதித்ததும் அன்பு, மிதியாமையும் அன்பு. அடி நொந்தாற்றான் பெருமான் மகிழ்வான் என்பதும் நம் சமயத்ததன்று. ஆளுடைய பிள்ளையார் தாதையார் தோள்மீது ஏறாது நடந்து சென்றபோது, அவ்வருத்தம் பொறாது நெல்வாயில் அரத்துறைப் பெருமான் முத்துச்சிவிகை அருளினான் அன்றோ?

காலணி களைதல் வழிவழி வந்த வணக்கம். வல்லார் அதனை விடலாகாது. யாமும் வெறுங்காலினேமே நடந்தோம். மாட்டாதாரை அதுகொண்டு அளப்பதிலேதான் ‘யான் நடந்தேன்’ என்னும் முனைப்பு நுழைகின்றது. அது முற்கூறிய புழுவினும் நுண்ணிது. குடும்பத் தலைவர் சிலர் நலமென்றும் பத்தியென்றுஞ் சொல்லி, தார்ச்சாலை கொதிக்கும் நண்பகலிற் சிறுமக்களை வெறுங்காலராய் இழுத்துச் செல்வதையும் கண்டோம். பெற்றோராயினும் பிறவுயிர்க்குத் தரப்பட்ட விளக்கை அவித்தற்கு உரிமையுடையரல்லர். மாலை வெயில் தணிந்தபின் புறப்பட்டாலென்ன?

அவ்வழியில் உடைந்த கண்ணாடிச் சில்லுகளும் கிடந்தன. நம் பெயரன் மிதிக்கவிருந்த ஒன்றை நாமே எடுத்தெறிந்தோம். அப்பர் பெருமான் உழவாரங் கொண்டு செய்த திருத்தொண்டு, நடப்பார் அடிக்கு முள்ளும் புல்லும் இல்லாதவாறு வழி செப்பனிட்டதே. திருமடங்களைச் சார்ந்தோர் முழுமதி நாளுக்கு முன்னாள் பத்துப்பேர் கூடி அவ்வழியைக் கூட்டுவிப்பாராயின், நலம் வேண்டி வருவார்க்கும் அருள் வேண்டி வருவார்க்கும் அது பயன்படும். இதனை அடுத்த கூட்டத்திற் பேச எண்ணியுள்ளோம்.