மறைத்தலும் அருளே



மாசி, பங்குனி மாதங்களில் இங்கிலாந்தின் வீதியோரங்களிலும் பூங்காக்களிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் டஃபோடில் மலர்களை நாம் எல்லோரும் அறிவோம். நம்மில் பலர் வீட்டுத் தோட்டத்திலும் அவற்றை வளர்க்கிறோம். அந்தப் பூவை வளர்க்கும் முறையைச் சற்றுச் சிந்தித்தால், நமது சைவ சித்தாந்தம் கூறும் நுட்பமான உண்மை ஒன்று விளங்கும்.

இறைவனுடைய தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மற்ற நான்கும் எளிதில் விளங்கும். கருணையே வடிவான இறைவன் ஏன் தன்னை மறைக்க வேண்டும் என்பதுதான் பலருடைய கேள்வி. நடராசப் பெருமானின் ஊன்றிய திருவடியிலே மறைத்தலையும், தூக்கிய திருவடியிலே வீடுபேற்றையும் வைத்துக் காட்டுகிறது உண்மை விளக்கம் என்னும் சாத்திர நூல். இரண்டும் ஒருவனுடைய திருவடிகளே. உயிர் பக்குவமடையும் வரை மறைந்து நின்று அதனை நடத்துவதும் அவன் அருளே என்பது நமது ஆசாரியர்களின் துணிபு.

இனித் தோட்டத்துக்கு வருவோம். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் டஃபோடில் கிழங்கை நடுகிறோம். நீர் தேங்காத இடத்தில், கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில், ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் கீழே வைக்க வேண்டும். பார்ப்பதற்கு அது வெங்காயம் போலவே இருக்கும். நஞ்சுடையது ஆகையால் சமையலறைப் பக்கம் வைக்கலாகாது. அந்தக் காய்ந்த கிழங்கை நெடுக்காக வெட்டினால், வரப்போகும் பூவின் மொட்டு மிகச் சிறிதாக உள்ளே இருப்பதைக் காணலாம். ஆயினும் 12 முதல் 16 கிழமை வரை குளிரில் கிடந்தால்தான் தண்டு நன்கு நீண்டு பூவை வெளியே கொண்டு வரும். முளைத்துவிட்டதா என்று இடையில் தோண்டிப் பார்த்தால் வேர்தான் அறும்.

இதனை நமது வாழ்வுக்குப் பொருத்தும்போது கவனம் வேண்டும். ஊரில் நேர்ந்த அழிவும் இழப்பும் நமது நன்மைக்கே என்று நாம் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அப்படிச் சொல்வது சைவமும் அன்று, மனிதத்தன்மையும் அன்று. குளிர் பூவைப் படைப்பதில்லை. பூ முன்பே உள்ளே இருந்தது. இறைவன் தென்படாத காலத்திலும் அவன் நம்மைக் கைவிட்டவன் அல்லன் என்பதே நாம் கொள்ளவேண்டிய பொருள்.

அகதி விண்ணப்பத்துக்கு விடை வராமல் ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம்மிடையே உண்டு. கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. வந்தாலும் ஒருவரோடும் பேசாமல் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. “கடவுள் கண் திறக்கவில்லை” என்று அவர்கள் சொல்லும்போது தத்துவம் பேச வேண்டாம். ஏன், எதற்கு என்று துருவிக் கேட்பதும் கிழங்கைத் தோண்டிப் பார்ப்பது போன்றதே. ஒருநாள் பிரசாதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, சற்று நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு வரலாம்.

பூ முடிந்த பின்னர் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. வாடிய பூவைக் கிள்ளிவிடலாம். இலைகளை வெட்டவோ முடிச்சுப் போடவோ கூடாது. குறைந்தது ஆறு கிழமையாவது அப்படியே விட வேண்டும். அழகற்றுச் சாய்ந்து கிடக்கும் அந்த இலைகள்தான் வெயிலை வாங்கிக் கிழங்குக்கு உணவு சேர்க்கின்றன. அவற்றை முன்கூட்டியே வெட்டினால் அடுத்த ஆண்டு பூ வராமற் போகலாம்.

நம்முடைய வீடுகளில் ஆங்கிலம் பேசாமல், வேலைக்குப் போகாமல், சாமியறைப் பக்கமாக இருக்கும் முதியவர்களை “இவர்களால் என்ன பயன்” என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது. அவர்கள் சொல்லும் தேவாரத்தைக் கேட்டுக்கொண்டே பேரப்பிள்ளைகள் வளருகிறார்கள். கணக்கு எழுதும் நாம் அறிந்தபடி, ஐந்தொகை என்பது ஒரு நாளின் நிலையை மட்டுமே காட்டும். அந்த ஒரு நாளைக் கொண்டு ஒரு மனிதரின் கணக்கை முடித்துவிடுவது தகாது.

மண்ணுக்குள் மறைந்திருப்பதைப் பொறுமையோடு காக்கும் மனத்தை எல்லாம் வல்ல நடராசப் பெருமான் நமக்கு அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.