கயிற்றுக்கு விலை

2024 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து கேரள அரசுக்கு ஒரு கடிதம் வந்தது. 2006 முதல் வயநாடு நிலச்சரிவு வரை மீட்புப் பணிக்காக விமானப்படை பறந்ததற்குப் பாக்கி 132 கோடியே 62 லட்சம் ரூபாய். வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண் சரிந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இத்தனை ஆண்டுப் பழைய பாக்கியை இப்போது கேட்பானேன் என்று கேரள உயர்நீதிமன்றம் டிசம்பரில் கேட்டது.

எரிபொருளுக்குக் காசு வேண்டும்; அதை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் யார் கொடுப்பது என்பது வெறும் கணக்கு விவகாரம் அல்ல.

கடினமான உதாரணத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே குரும்பாச்சி மலையின் செங்குத்துப் பாறை இடுக்கில் ஓர் இளைஞர் நாற்பது மணி நேரத்துக்கும் மேலாகச் சிக்கிக்கிடந்தார். ராணுவ வீரர்கள் கயிறு கட்டி அவரைத் தூக்கினார்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைந்ததற்காகப் பின்னர் வனத்துறை வழக்குப் போட்டது. ஒருவருடைய சாகச ஆசைக்கு ஊரார் வரிப்பணமா என்ற கேள்வியும் எழுந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. கூலிவேலை செய்பவர் வாங்கும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், அலட்சியத்தால் மலையில் மாட்டிக்கொண்டவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்கவே செய்கிறது.

அத்துமீறலுக்கு அபராதம் விதிக்கலாம். அது செய்த குற்றத்துக்கான தண்டனை. கயிற்றுக்கு விலை கேட்பது வேறு. குடித்துவிட்டு வண்டியோட்டி விழுந்தவருக்கும் மருத்துவமனை முதலில் ரத்தப்போக்கைத்தான் நிறுத்துகிறது. விலை உண்டு என்று தெரிந்துவிட்டால், பாறையில் தொங்குபவர் உதவிக்குக் கூப்பிடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் போகும் ஒரு மணி நேரம் அவர் உயிரையும், பிறகு இருட்டில் ஏறப்போகும் வீரரின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கும்.

திருவனந்தபுரம் வேறொரு பாடத்தைக் கற்றுத்தந்தது. 2024 ஜூலை 13 அன்று, மத்திய ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்ற கால்வாயைத் துப்புரவு செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தண்டவாளங்களுக்குக் கீழே இருட்டுச் சுரங்கம், முழுக்கக் குப்பை. தீயணைப்புப் படையின் முக்குளிப்பாளர்கள் அதற்குள் புகுந்து தேடினார்கள். பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் வந்தன. மேலே, குப்பை யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் தர்க்கம் செய்துகொண்டிருந்தன. மூன்றாம் நாள் காலை உடல் வேறோரிடத்தில் மிதந்தது.

அந்தத் தேடலுக்கு யாருக்கு பில் அனுப்புவது? அவர் சாகசத்துக்குப் போகவில்லை, கூலிக்குப் போனார். ஆபத்தை உண்டாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற வாதத்தை நேர்மையாகக் கடைசிவரை கொண்டுபோனால், அது வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் அந்த நிலத்தையும் நீரையும் பராமரிக்க வேண்டிய அரசின் வாசல்தான். அலட்சியமாக மலையேறுபவர்கள் சிலரே. பராமரிக்கப்படாத தோடுகளும் சரிவுகளும் ஏராளம்.

2018 பெருவெள்ளத்தில் விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேரளக் கரையெங்குமிருந்து கிளம்பிய மீனவர்கள் மீட்டவர்கள் சுமார் 65,000 பேர். படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்றக் கூலியா என்று வேண்டாமென்றவர்களும் உண்டு. அந்தப் பெருந்தன்மையை அரசு தன் சிக்கனத்துக்குச் சாக்காக்கிக்கொள்ளக் கூடாது. உடைந்த படகைச் செப்பனிட்டுத் தருவது நன்கொடை அல்ல, கடன்.

அகஸ்தியர்கூடம் மலை ஏறுபவர்களிடம் வனத்துறை கட்டணம் வாங்குகிறது. அதில் ஒரு பங்கை மீட்புக்கென்றே ஒதுக்கலாம். மாநில பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டியது, சாக்கடைக்குள் முங்குகிறவர்களின் பாதுகாப்பு உடை, மருத்துவப் பரிசோதனை, காப்பீடு. ஹெலிகாப்டர் வாடகையை டெல்லியும் திருவனந்தபுரமும் அதற்குப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.