கைநாட்டு எவ்வளவு சம்மதம்?

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் காரைக்காலின் கோட்டுச்சேரிக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் தஞ்சாவூர் ஜில்லா. கொடி வேறு, சட்டம் வேறு. 1848இல் பிரெஞ்சு அரசு அடிமைமுறையை ஒழித்ததும் ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரிகள் தஞ்சைச் சீமையிலிருந்து வரப்பு தாண்டி ஆள் சேர்த்துவந்து காரைக்காலில் கப்பலேற்றினார்கள். ஆசைகாட்டிக் கடத்துகிறார்கள் என்று ஆங்கிலேய அதிகாரிகள் புகார் எழுதினார்கள். (அவர்களும் 1834 முதல் மொரீஷியசுக்கு ஆள் அனுப்பியவர்கள்தான்.)

இந்தக் கப்பலேற்றத்துக்கு அரை நூற்றாண்டு முன்பு, 1802 பிப்ரவரியில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்துப் போரிட்ட சிவகங்கைச் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் எழுபதுக்கு மேற்பட்டோரும் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குத் தீவாந்திரம் அனுப்பப்பட்டார்கள். அன்று காவலுக்கு நின்ற கும்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1818இல் துரைசாமியைப் பினாங்கில் பார்த்தபோது அடையாளமே தெரியவில்லை. ஊருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டார் துரைசாமி. உத்தரவுக்கு விரோதம் என்று மறுத்துவிட்டார் வெல்ஷ். அங்கே அநியாயம் அப்பட்டமாகத் தெரிகிறது. யாரும் சம்மதம் கேட்கவில்லை.

காரைக்காலில் கேட்டார்கள். ஐந்து ஆண்டு வேலை, முடிந்ததும் இலவசமாகத் திரும்பும் பயணம் என்று ஒப்பந்தம். 1861 உடன்படிக்கைக்குப் பிறகு, மனசார வருகிறார்களா என்று விசாரிக்க ஆங்கிலேய ஏஜெண்டும் இருந்தார். கைநாட்டு வைத்தவரைக் கைதியோடு சேர்ப்பது தகுமா?

பசியில் கிடப்பவர், போகுமிடம் எங்கே என்றே தெரியாதவர், மேஸ்திரி சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தால் அது சம்மதமில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் போனவர்களையெல்லாம் ஏமாளிகளாக்கிவிடுகிறோம். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் பயந்து வாழ்ந்த கீழத்தஞ்சைப் பண்ணையாளுக்குக் கப்பல் ஒரு தப்பிக்கும் வழியாகவும் தெரிந்திருக்கும். ஊரில் மட்டும் யார் அவரிடம் சம்மதம் கேட்டார்கள்?

ஆகவே ஏறும்போது கேட்ட கேள்வியைவிட, இறங்கிய பிறகு நடந்ததைத்தான் எடைபோட வேண்டும். குவாதலூப்புக்கு மட்டும் 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். ஊர் திரும்பியவர் கால் பங்குகூட இல்லை. பலர் அங்கேயே மாண்டார்கள். சிலர் விரும்பித் தங்கினார்கள். கெடு முடிந்தும் திரும்பும் கப்பலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களும் உண்டு. இவர்களுக்கு ஒப்பந்தமே தீவாந்திரமாகிவிட்டது. துரைசாமிக்குத் திருப்பி அனுப்புவோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இழுத்தடித்தார்கள். அந்த ஒரு கணக்கில், தண்டித்த கும்பெனியைவிட ஒப்பந்தம் போட்ட பிரெஞ்சு அரசின் குற்றமே பெரிது.